சிங்கம் வேண்டாம்

பிப்ரவரி 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். நடை, குளியல், பேப்பர், இரண்டு இட்லி. எட்டு மணி பஸ்ஸில் சித்தூரிலிருந்து புத்தூருக்குக் கிளம்பினேன் — என் சித்தப்பா மகன் முனிரத்தினத்தோடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போக.

அவனுடைய ஒரே மகன் தினேஷ், திருப்பதி ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது. மறுநாள் காரியம். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு நான்கு வரி கவிதை வேண்டும். குடும்பத்தில் எழுதுகிறவன் நான்தானே?

முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். சிங்கம், சீற்றம், சிகரம்... மோனையெல்லாம் சுத்தமாக இருந்தது.

கடைக்காரர் மானிட்டரில் தினேஷின் போட்டோவைப் போட்டார். "பின்னால சிங்கம் வைக்கவா சார், புலி வைக்கவா? ரெண்டும் ரெடியா கீது."

சாவு நடந்த நாளிலிருந்தே முனிரத்தினம் அதிகம் பேசவில்லை; அழவும் இல்லை. ஊரில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள் — ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். பிள்ளையைப் பறிகொடுத்தவன் அழாமலிருந்தால் நமக்கென்ன லாபம்? தேற்றுகிற வேலை மிச்சம்... அவ்வளவுதானே?

கவிதையைப் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே கையமர்த்தினான்.

"சிங்கம் வாணாம்ணா. அவன் இருட்டுன்னா பயந்துக்குவான். பெரியவனானப்புறமும் லைட்டு போட்டுக்கினுதான் தூங்குவான்."

மானிட்டரில் தெரிந்த மகனைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னான்.

"நான்தான் போய் லைட்ட நிறுத்திட்டு வருவேன். ஆம்பளையாடா நீன்னு கேட்டுக்கினே."

என் தாளை மடித்துப் பையில் வைத்தேன். அப்படியானால் என்ன போடலாம் என்று கேட்டேன். எங்கள் பக்கம் அப்பாவை மட்டுமல்ல, பிள்ளையையும் செல்லமாக நைனா என்போம். அவன் சொன்னது ஒரே வரிதான்.

"லைட்ட நிறுத்தமாட்டேன், தூங்கு நைனா."

கடைக்காரர் டைப் அடித்தார். கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறதே, கவிதை இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். முப்பது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. வரவும் வேண்டாம்.

சாயங்காலம், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், பையன்கள் ஃபிளெக்ஸை முனைப் புளியமரத்தில் கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் அங்கே இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. முனிரத்தினம் மட்டும் வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே, முதல் வேலையாக நானும் அவனும் கயிறுகளை அவிழ்த்தோம். தெருவிளக்குக் கம்பத்துக்கு மாற்றிக் கட்டினோம்.