பழசைக் கையோடு கொண்டு வாங்க

பைக் உதிரிபாகக் கடையில் நிற்பவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "பழசைக் கையோடு கொண்டு வாங்க." யாரும் கொண்டு வரமாட்டார்கள். வண்டி பேரைச் சொல்வார்கள், கலரைச் சொல்வார்கள், அதை வாங்கிக் கொடுத்த மாமனாரைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். எந்த வருஷத்து வண்டி என்று கேட்டால் மட்டும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களோ அந்தப் பக்கம் நிற்பவர்களோ, நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது கடை. அண்ணனுடையது. ஆனி மாதம் அவன் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனபோது, "தை வரிக்கும் நீ பாரு. ஓடலன்னா வித்துடலாம்" என்று சாவியை என் கையில் கொடுத்தான். அதுவரை நான் சிறுசேரியில் ஒரு கம்பெனி வரவேற்பறையில் வேலை பார்த்தேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், இரண்டும் பஸ்ஸில் நின்றபடி. கடையில் உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. அந்த ஸ்டூலை விடக்கூடாது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

நாலு ஓட்டை, அஞ்சு ஓட்டை

எங்கள் கடையில் அதிகம் போவது செயின் செட். ஒரு செயின், முன்னால் ஒரு சின்னப் பல்சக்கரம், பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம். பத்து செட் விற்றால் அதில் ஆறு எதிர்ச்சாரியில் இருக்கும் மெக்கானிக் தேவராஜ் அண்ணன் ஷெட்டுக்குப் போகும். அவர் வாங்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

முதல் வாரமே அந்தப் புண்ணிய காரியத்தைச் செய்தேன். சதுரங்கப்பட்டினம் கடற்கரையிலிருந்து தினமும் ஐஸ் பெட்டியோடு மீன் கொண்டு வரும் ஏழுமலையின் வண்டிக்கு செட் கேட்டார் தேவராஜ். வண்டி பேரைக் கேட்டேன், எடுத்துக் கொடுத்தேன். வருஷத்தைக் கேட்கவில்லை. அவர் வீல் முழுக்கக் கழற்றிப் போட்ட பிறகுதான் தெரிந்தது: பழைய மாடலின் பின் பல்சக்கரத்துக்கு நாலு போல்ட் ஓட்டை, நான் கொடுத்ததற்கு அஞ்சு. கடையில் நாலு ஓட்டை ஸ்டாக் இல்லை. வெளியே ஆள் அனுப்பி, கிடைத்த மட்டமான செட்டை வாங்கி மாட்டுவதற்குள் மத்தியானம் ஆகி, பாதி மீன் பாழாகிவிட்டது. தேவராஜ் சாலையைக் கடந்து வந்து, சக்கரத்தை மேஜைமேல் மெதுவாக வைத்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"உங்க அண்ணன் இருந்த வரிக்கும் இங்க கடை இருந்துச்சி. இப்ப போர்டு மட்டும்தான் கீது."

பல்லு இன்னா பண்ணுச்சி?

அதற்கப்புறம் தேவராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் ஷெட்டைத் திறப்பார், பார்ப்பார், பார்க்காத மாதிரி குனிந்துகொள்வார். அவருக்கு வேண்டிய சாமான் எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. நான் வருஷம், ஓட்டை, பல், செயின் கண்ணி என்று ஒரு நோட்டுப் போட்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் படாளத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். செயின் அறுந்துவிட்டது, செயின் மட்டும் போதும் என்றார். நல்ல வேளையாக வண்டியே வந்திருந்தது. சக்கரத்துப் பல்லெல்லாம் தூண்டில் முள் மாதிரி வளைந்து கூராகியிருந்தது. "இதுல புதுச் செயின் மாட்டினா, இந்தப் பல்லே அதைத் தின்னுடும். செட்டா மாத்துங்க பெரியப்பா" என்றேன். "அறுந்தது செயினு. பல்லு இன்னா பண்ணுச்சி?" என்று கேட்டுவிட்டு, செயினை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி மழையில் திரும்பி வந்தார். செயின் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. செட்டை எடுத்து வைத்தேன். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நீ சொன்னத நான் கேக்கல, வாஸ்தவம்தான். ஆனா நீயும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

நாற்பத்து மூன்றாவது பல்

சாஃப்ட்வேர் தம்பிகள் வேறு ரகம். எல்லா வீடியோவும் பார்த்துவிட்டு, வெளிநாட்டு மெக்கானிக் பாஷையில் பேசுவார்கள். சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவர் போனில் கூப்பிட்டு, தன் பின்சக்கரத்துக்கு நாற்பத்து மூன்று பல் என்றார். அந்த வண்டிக்கு நாற்பத்து இரண்டுதான். மூன்று முறை எண்ணியாகிவிட்டது, மூன்று முறையும் நாற்பத்து மூன்று என்று சாதித்தார்.

இது எனக்கும் வந்த வியாதிதான். வட்டமாக எண்ணும்போது எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோகும், ஆரம்பித்த பல்லையே கடைசியிலும் எண்ணிவிடுவோம். அதற்காக நான் மேஜையில் ஒரு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், முதல் பல்லில் ஒரு பொட்டு வைத்துவிட்டு எண்ணுவேன். அவரையும் அப்படிச் செய்யச் சொன்னேன். லைனிலேயே இருந்தார். நடக்கிற சத்தம், அலமாரி திறக்கிற சத்தம், பிறகு அவர் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அது என் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது. கீழ வெச்சிட்டு சாக்பீஸ் எடுத்துனு போ."

விற்காத செட்

கார்த்திகை வந்தது. தேவராஜ் வரவில்லை. அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம், "இன்னா, ஓடுதா?" என்று கேட்பான். "ஓடுது" என்பேன். ஓடியது ஃபேன் மட்டும்தான். ராத்திரி படுத்தால் சிறுசேரி பஸ்ஸின் மேல்கம்பி கண்முன்னே வந்தது. நிஜமாகவே பயந்தேன்.

அந்த நிலைமையில், அணுபுரத்திலிருந்து ஒரு சார் தங்கமான வியாபாரத்தோடு வந்தார். செயினில் சத்தம் வருகிறது, இருப்பதிலேயே உசத்தியான செட் கொடுங்கள் என்றார். வெளியே வந்து, பின் பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. செயின் தேய்ந்திருந்தால் பல்லை விட்டு எழும்பி வரும். பல்லும் ஒழுங்காக இருந்தது. வீல்தான் ஒரு பக்கம் கோணலாக நின்றது. என் வாய் 'கொடுத்துடு கொடுத்துடு' என்று துடித்தது. ஆனாலும், "செட் நல்லா இருக்கு சார், எதிர்ல தேவராஜ்கிட்ட வீலை நேர் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என்னையே நொந்துகொண்டேன். மறுநாள் அந்த சார் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே பேசினார்.

"நீங்க விக்கமாட்டேன்னீங்க. அவரு, 'ரெண்டு நட்டு திருப்பினதுக்கு இன்னா சார் காசு'ன்னாரு. இந்த ரோட்ல யாருமே வியாபாரம் பண்றதில்லையா?"

அன்றைக்கு சாயங்காலம் தேவராஜ் என் கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குனியவில்லை. அவ்வளவுதான்.

கண்ணி கணக்கு

மார்கழி முடிய ஒரு வாரம். கடையை வாங்க ஒருத்தர் கிடைத்துவிட்டார், பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அன்றைக்குக் காலையில் ஏழுமலையின் வண்டி தேவராஜ் ஷெட் வாசலில் செயின் அறுந்து நின்றது. பெட்டி நிறைய நண்டு. தேவராஜ் பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து நீளச் செயின் ஒன்றை வரவழைத்து, பழைய செயினின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அதே எண்ணிக்கைக்குப் புதியதை வெட்டுவதை இங்கிருந்தே பார்த்தேன். அப்புறம் வெகுநேரம் குனிந்தே இருந்தார். கடைசியில் வெட்டிய செயினைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடந்து வந்தார்.

"ஒழுங்காத்தாம்மா எண்ணுனேன். வீல எவ்ளோ முன்னால தள்ளினாலும் முனை ரெண்டும் முட்ட மாட்டேங்குது" என்றார்.

பழைய செயினையும் கொண்டு வரச் சொன்னேன். நோட்டைப் பார்த்து எண்ணினேன். இருக்க வேண்டியதைவிட இரண்டு கண்ணி குறைவு. உப்புத் தண்ணீரில் சீக்கிரமே தேய்ந்து நீண்டு தொய்ந்த செயினைக் காப்பாற்ற யாரோ நடுவில் இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்தக் குறைந்த கணக்குக்குத்தான் இன்னும் நீளாத புதுச் செயினும் வெட்டுப்பட்டிருக்கிறது.

"இதுல ரெண்டு கண்ணிய எடுத்தது யாருண்ணா?" என்றேன்.

தேவராஜ் தெருவைப் பார்த்தார். பதிலை அங்கிருந்து ஏழுமலைதான் கொடுத்தான்: "நீதான அண்ணாத்த புரட்டாசில எடுத்த? இன்னும் ஒரு வருசம் ஓடும்னு வேற சொன்ன. சீக்கிரம் முடி, நண்டெல்லாம் நடந்தே வூட்டுக்குப் போயிடும் போல கீது."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. ஆனால் அவர் காதெல்லாம் சிவந்து நின்றதைப் பார்த்ததும், மேஜைமேல் வந்து விழுந்த என் அஞ்சு ஓட்டைச் சக்கரம்தான் நினைவுக்கு வந்தது. நாலு ஓட்டை செட் ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து ஓட்டையை எண்ணப் போனார். பிறகு எண்ணாமலேயே மூடினார். அரை மணி நேரத்தில் ஏழுமலை கிளம்பிப் போனான். தேவராஜ் கையைத் துடைத்துக்கொண்டே மறுபடி வந்து, என் நோட்டை என் பக்கமாகத் தள்ளினார்.

"நாளைக்கு மூணு செட்டு வேணும், எழுதிக்க. பழச நானே எடுத்துனு வரேன். இந்த ரெண்டு கண்ணி மேட்டர மட்டும் வெளிய வுட்டுடாத, இன்னா?"

சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு, கடை விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். கடையைக் காப்பாற்றத் தெரிந்தவளுக்கு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை என்பது, இதுவரை படித்த உங்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும்.