நீச்சல் குளத்தில் போர்க்கப்பல்

இதுவரை பதினோரு நீச்சல் குளங்கள் செய்திருக்கிறேன். அதில் ஒன்றில்கூட யாரும் கால் நனைத்ததில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு பட்டறை. அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு மாதிரி செய்து கொடுப்பது அங்கே தொழில். வரப்போகும் கட்டடத்தை மேசைமேல் சின்னதாக வைத்து, வாங்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார்களே, அதுதான். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதன்பிறகு எல்லாவற்றையும் பாதியில் விட்டுப் பழகிவிட்டது. டைல்ஸ் ஒட்டினேன், கல்யாணப் பந்தல் போட்டேன், மேற்குக் கடற்கரையில் ஏழு மாதம் பழைய கப்பல்களை உடைத்தேன். மேலேயிருந்து இரும்புத் தகடு விழுந்து பக்கத்தில் நின்றவனின் கால் போனது. மறுநாள் ரயிலேறிவிட்டேன். அப்படிப்பட்டவன் இந்தப் பட்டறையில் எட்டு வருடம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

தொழிலுக்கென்று சில விதிகள் உண்டு. சாக்கடையை வைக்கக் கூடாது. சுடுகாடு, உயரழுத்த மின்கம்பி, பக்கத்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி எல்லாம் மாதிரியில் புல்வெளியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, மனிதர்களைக் குறைத்து வைப்பது. கட்டடம் ஓர் அளவு. அதன் கீழே நடக்கிற பொம்மை மனிதர்கள் அதைவிட ஓர் அளவு சின்னவர்கள். கார்களும் அப்படியே. அப்போதுதான் படுக்கையறைக்குள் லாரி திருப்பலாம் போலத் தெரியும்.

"ஊடு வாங்க வர்றவன் செவுத்த அளப்பான், கதவ அளப்பான். பொம்மைய எவன்பா அளக்கப் போறான்?" என்பார் முதலாளி. மேனாம்பேட்டுக்காரர். அவர் வீட்டு வாசலில் ஆட்டோ திரும்பாது.

நான் படுத்தது லேசர் வெட்டும் இயந்திரத்தின் மேசைக்கு அடியில். மல்லாந்தால் மூக்குக்கும் பலகைக்கும் ஒரு சாண். புரள வேண்டுமென்றால் வெளியே வந்து, திரும்பி, மறுபடி உள்ளே போக வேண்டும். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. ஜன்னல், மின்விசிறி, தாழ்ப்பாள் போட்ட கதவு. அதில் முதலாளியின் தெர்மகோல் மூட்டைகள் குடியிருந்தன. நாற்பது வயதுவரை எனக்கென்று தாழ் போடும் கதவு இருந்ததில்லை. அதனால் அந்த அறையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பாக்கலாம் நைனா" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கடற்படைக்காரர் வந்தார். கப்பலில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். திருமுல்லைவாயிலில் நாங்கள் மாதிரி செய்து கொடுத்த குடியிருப்பில்தான் வீடு வாங்கியிருந்தார்.

"அந்த நீச்சல் குளம் நீங்க செஞ்சதா தம்பி?"

"ஆமா சார்."

"ரொம்ப நல்லாருந்துச்சு. நாலு வருசமா தேடிக்கிட்டிருக்கோம்."

நான்கு பிளாக் என்று சொன்ன இடத்தில் ஒன்றுதான் எழுந்திருந்தது. ஆனால் கீழ்த்தளக் கூடத்தில் எங்கள் மாதிரி நான்கு பிளாக்கோடும் குளத்தோடும் விளக்கெரிய நின்றது. வேலை முடிந்து வருகிற ஐடிக்காரர்கள் தினமும் அதைப் பார்த்து வயிறெரிந்துவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவார்கள். கடைசியில் குடியிருப்போர் சங்கம் கூடி, மாதிரியை அகற்றுவதென்று தீர்மானம் போட்டது. குளம் கேட்டுப் போட்ட தீர்மானங்கள் அடுக்காகக் கிடந்தன. நிறைவேறக்கூடியதாக ஒன்றாவது அவர்களுக்கு வேண்டியிருந்தது. காலியாகும் இடத்தில் தான் வேலை செய்த போர்க்கப்பலின் மாதிரியை வைப்பதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். குடியரசு தினத்தன்று திறப்பு.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரி கப்பலக் கண்டதேயில்ல. நான் என்னமோ மெதக்குற மாளிகையில சொகுசா இருந்தனாம், அவ மட்டும் ஊர்ல தனியா பிள்ளைகளோட மல்லுக்கட்டுனாளாம். இருவது வருசமா இதே சண்ட. ஒருதடவ பாத்துட்டான்னா போதும்."

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ கப்பல்ல வேல செஞ்சவன் தானே?"

"ஒடச்சவன் அண்ணாத்தே."

"ஒடச்சத திருப்பிப் போட்டா செஞ்சதுதான்பா. தனியா முடிச்சிக் குடு. அம்சமா வந்துச்சின்னா மாடி ரூம் சாவி உன் கையில."

அடுத்த நாளே ஆரம்பித்தேன். மூன்றரை அடி நீளம். உடைத்தவனுக்கு ஒரு வசதி உண்டு: எந்தத் தகடு எங்கே சேர்கிறது என்று தெரியும், அங்கேதான் வெட்டுவோம். பிளைவுட்டில் விலாவெலும்பு மாதிரி வரிசையாகச் சட்டங்கள் நிறுத்தி, மெல்லிய பிவிசி தகட்டைச் சூடுகாட்டி வளைத்து ஒட்டி, புட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி புட்டி பூசினேன். முன்பக்கத்துப் பீரங்கியின் குழல், ஊசி போடும் சிரிஞ்சின் ஊசி. ராடார், டீ வடிகட்டியின் வலை. ஏவுகணைக் குழிகளின் மூடிகளை விரல்நுனியளவுச் சதுரங்களாக லேசரில் வெட்டினேன். ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தைச் சுற்றி ஆள் விழாமலிருக்க வலை கட்டியிருப்பார்கள். அதற்கு என் கொசுவலையின் ஒரு மூலை போனது. அன்றிலிருந்து கொசுக்கள் அந்த மூலை வழியாகவே வந்தன. ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகள் பழைய மோட்டாரில் உரித்த செம்புக் கம்பி. சாம்பல் நிறம் மட்டும் நான்கு முறை கலந்தும் சரிவரவில்லை. "மழ மூடிக்கிட்டு நிக்கும்போது ஆவடி ரோடு இருக்கும்லா, அந்தக் கலரு" என்றார் கடற்படைக்காரர். ஐந்தாம் முறை ரோட்டைப் பார்த்தே கலந்தேன்.

முதலாளிக்கு மனம் ஆறவில்லை. "கொடிக்கம்பம் பக்கத்துல ரெண்டு மரம் வெச்சா இன்னா?"

"போர்க்கப்பல் அண்ணாத்தே."

"போர்க்கப்பல்னா பசும வேணாமா? மிச்சம் புல்லு கீது, அந்த ஹெலிகாப்டர் எறங்குற எடத்துலயாச்சும் ஒட்டு."

கடலில் சமாதானமானோம். நீச்சல் குளத்துக்கு வாங்கி மிஞ்சிய நீலத் தகடு கடலாயிற்று.

கடைசியாக மாலுமிகள், நாற்பது பேர். வழக்கமான டப்பாவிலிருந்து வழக்கமான பொம்மைகளை எடுத்தேன். கடைக்குப் போகிற பெண்ணின் பையை வெட்டினேன். காலை ஓட்டம் ஓடுகிறவர்களை விறைப்பாக நிமிர்த்தினேன். குழந்தை வண்டி தள்ளுகிறவனுக்குக் கை நீட்டியபடி இருந்ததால் அவனைக் கயிறு பிடிக்க வைத்தேன். எல்லோருக்கும் வெள்ளைச் சீருடை பூசினேன். அளவைப் பற்றி யோசிக்கவேயில்லை, கை பழக்கத்தில் செய்துவிட்டது. பொம்மைகள் ஏறியதும் கப்பல் மலைபோல ஆகிவிட்டது.

முதலாளி கை தட்டினார். "சென்னீர்குப்பத்துல ஒருத்தன் டவுன்ஷிப் கட்டப் போறான். தொறப்புக்கு அவன இட்டுகினு வரேன். இத பாத்தான்னா ஆர்டர் நம்ம கையில. ரூம் உனுக்குத்தான் மாமே."

திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் கடற்படைக்காரர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார், சிரித்தார், ராடாரை ஒரு விரலால் தொட்டார். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை.

"இது யாரு?"

"மாலுமி சார்."

"இந்தக் கம்பி எனக்கு இடுப்புக்கு வரும். இவனுக்கு மூக்குக்கு வருது. இவன் எப்படி வாந்தி எடுப்பான்?"

நானும் குனிந்து பார்த்தேன்.

"மொத ஆறு மாசம் இதே எடத்துல நின்னுதான் நான் எடுத்தேன்." சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்தார். பதினொரு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய மனிதன் ஏழு இருந்தான். "கப்பல் சின்னது தம்பி. கரையில நின்னு பாக்குறவனுக்குத்தான் பெருசு. உள்ள ரெண்டு பேரு எதிரெதிர வந்தா ஒருத்தன் செவுத்தோட ஒட்டிக்கிடணும். மூணடுக்குப் படுக்க, நான் நடு அடுக்கு. இதக் காட்டுனா அவ மாளிகைன்னுதான் சொல்லுவா."

பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் விரித்திருந்த பாயைப் பார்த்தார். "யாரு படுக்கா?"

"நான்தான் சார்."

இஸ்திரி போட்ட பேண்ட்டோடு உள்ளே சரிந்து மல்லாந்து படுத்தார். கையை வைத்து அளந்தார். "எங்களுக்கு இதவிட நாலு வெரல் கம்மி" என்று சொல்லிவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு போனார்.

முதலாளி கதவுவரை சிரித்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். "பொம்மைய பெருசாக்குனா கப்பலு படகாட்டம் ஆயிடும். ஒரு பொம்மையத் தொட்ட, ரூம மறந்துடு."

நான் நேர்மைக்குப் பேர் போனவன் இல்லை. பதினோரு குளம் தோண்டியவன். ஆனால் உடைக்கப் போன கப்பல்களுக்குள் ஏழு மாதம் குனிந்தே நடந்த முதுகு என்னுடையது. அவர் சொன்னது உண்மை என்று அந்த முதுகுக்குத் தெரியும். நாற்பது பேரையும் இடுக்கியால் பிடுங்கி டப்பாவில் போட்டேன். மெல்லிய கம்பியில் புட்டி சுற்றி, பதினொரு மில்லிமீட்டரில் புது ஆட்கள் செய்தேன். ஒருவருக்கும் முகம் இல்லை, அதற்கு நேரமில்லை. ஆள் ஏற ஏறக் கப்பல் என் கண்ணெதிரே சுருங்கியது. நாற்பதாவது ஆளை வைத்தபோது காலை நேரத்து ஆவடி ரயில் மாதிரி இருந்தது. முதலாளி பார்த்தபோது கப்பலை ஏற்றிப்போக வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

குடியரசு தினக் காலையில் கொடியேற்றி, லட்டு கொடுத்து, சங்கச் செயலாளர் தேசப்பற்றில் ஆரம்பித்து பார்க்கிங்கில் முடித்தார். துணியை விலக்கினார்கள்.

"இவ்ளோதானா?" என்றது ஒரு குரல்.

ஓர் ஐடிக்காரர் நீலத் தகட்டை உற்றுப் பார்த்து, "மச்சி, ஸ்விம்மிங் பூல் வந்துருச்சுடா!" என்றார். கூடமே சிரித்தது. அன்றைய நிகழ்ச்சியில் மனதாரக் கை தட்டியது அதற்குத்தான். சென்னீர்குப்பத்துக்காரர் ஒரு பார்வை பார்த்து, "கொஞ்சம் நெரிசலா இருக்கே" என்று சொல்லி லட்டோடு காருக்குப் போனார். முதலாளி அவர் பின்னால் ஓடினார்.

கடற்படைக்காரரின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, வாய்க்குள் எண்ணினார்.

"இத்தன பேரா இதுல?"

"இது வெளிய நிக்கவுக மட்டுந்தான். உள்ள இன்னும் ஏழெட்டு மடங்கு."

"எங்க படுப்பிய?"

அவர் மூக்குக்கு மேலே ஒரு சாண் விரித்து, அதில் நான்கு விரலை மடக்கிக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அதான் வீட்டுக்கு வந்தாலும் கட்டில் ஓரத்துல சுருண்டு படுத்தியளாக்கும்? நான் கோவம்னுல்லா நெனச்சேன்."

கடற்படைக்காரர் கைக்குட்டையைத் தேடினார். அவர் எடுத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது: "சரி, சொகுசு இல்லன்னு ஒத்துக்கிடுதேன். ஒரு லெட்டரு போட என்ன கேடு?"

பழைய மாதிரியை அன்றே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் வந்தோம். டவுன்ஷிப் போயிற்று. ஆனால் மாதிரியை உடைக்க அவருக்கு மனமில்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் வேறு ஊருக்கு ஆகும். கீழே இடமில்லை. தெர்மகோல் மூட்டைகளை வெளியே எறிந்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து அதை மாடி அறைக்குள் திணித்தோம். கூரை ஒழுகுகிற அறை. மழை வந்தால் நான்கு பிளாக்குக்கும் தார்ப்பாய் போட ஆள் வேண்டும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியை நீட்டினார். "உனுக்கு ரூம் குடுக்கல. மாடலுக்குக் குடுத்துகீறேன். நீ காவலு."

சுவருக்குச் சுவர் அந்த நான்கு பிளாக்தான். கதவு பாதிதான் திறந்தது. பக்கவாட்டில் நுழைந்து பாயை மாதிரியின் மேசைக்கு அடியில் விரித்தேன். டப்பாவிலிருந்த நாற்பது பேரையும் குளத்தைச் சுற்றி நிறுத்தினேன். வெள்ளைச் சீருடை அப்படியே இருந்தது, கயிறு பிடித்தவன் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்து குளம் ஜொலித்தது. கதவைத் தாழிட்டு, குளத்துக்கு நேர் கீழே மல்லாந்தேன். மூக்குக்கும் பலகைக்கும் ஒரு சாண், கடற்படையைவிட நாலு விரல் அதிகம். சற்று நேரத்தில் இடுப்பு வலித்தது. வெளியே வந்து, திரும்பி, மறுபடி உள்ளே போனேன்.