சிவப்பு முடியும் இடம்

தொண்ணூறுகளில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் வார்ப்படப் பிரிவில் இருந்தேன். அறைத்தோழன் அங்கேயே எலக்ட்ரீஷியன், கெலமங்கலத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார இருவருக்குமே வராது. அப்படித்தான் ஒரு ஷூ டப்பாவில் நிறமாலைமானி செய்ய இறங்கினோம்.

உடைத்த பிளேடு இரண்டை நெருக்கி ஒட்டி மயிரிழை இடுக்கு வைத்தோம். வெயில் அதில் நுழைந்து, உள்ளே சாய்த்து வைத்த சி.டி. துண்டில் பட்டு, கிராஃப் தாளில் வண்ணப்பட்டையாக விழ வேண்டும். நான்கு வாரம் போக்குக் காட்டியது. ஐந்தாம் வாரம் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

அப்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வேறு. கம்பெனியிலேயே வண்ணம் பூசும் பிரிவான பெயிண்ட் ஷாப்புக்கு மாற்றல் கேட்டிருந்தேன். மறுநாள் கண் பரிசோதனை. தேறிவிட்டால் உலைச் சூட்டிலிருந்து விடுதலை.

பட்டையின் இரு முனைகளையும் ஆளுக்கொரு கோடு போட்டுக் குறித்தோம். ஊதா முனை ஒத்துப்போனது. சிவப்பு முனையில் அவன் கோடு என்னுடையதைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

“கண்ணத் தொறந்து பாருடா! வெறுந்தாள்ல கோடு போட்டுக்கினு,” என்று எரிந்து விழுந்தேன்.

“இதுவரைக்கும் செக்கச்செவேல்னு இருக்குதுடா. உனக்குத் தெரியல?”

சாய்வை மாற்றி மறுபடி குறித்தோம். அதே விரற்கடை. துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எட்டிப் பார்த்து அவன் கோட்டில் விரல் வைத்தார்.

“இங்கவரைக்கும் எர்ரகா, நல்லா சிவப்பா இருக்குதேப்பா.”

அவர் இறங்கிப் போனார். என் சட்டைகளின் நிறத்தைப் பார்த்து அவன் அடித்த கிண்டல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டப்பாவில் ஒரு கோளாறும் இல்லை.

மறுநாள் போனேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களை டாக்டர் காட்டினார்; பாதிக்குமேல் எனக்கு எண்ணே தெரியவில்லை. உலைக்கே திரும்பினேன். கழிப்பறையில் நின்று அழுததைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்தபோது அவன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். டப்பா திறந்திருந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலால் எழுதியிருந்தான்: ‘இங்க சிவப்பு இருக்குது. நம்புடா.’

அவனுக்குக் கல்யாணமாகி அறையைக் காலி செய்யும்வரை எனக்குத் துணி எடுக்க அவன்தான் கூட வந்தான். இன்றும் கடையில் சட்டையை விரித்துக் காட்டினால், “இது என்ன கலர்டா?” என்று கேட்கப் பக்கத்தில் திரும்பிவிடுகிறேன்.