சுவரில் சிரித்த என் முகம்

போன வருடம் சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். பெரம்பலூர் பக்கத்தில், பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் கம்பெனியில் எனக்குத் தையல் மிஷின் வேலை. குன்னத்திலிருந்து கம்பெனி வேனில் போய் வருவேன்.

ஒருநாள் மேனேஜர் எங்களில் சிலரை மட்டும் ஏசி அறைக்குக் கூப்பிட்டார். சாப்ட்வேர் செய்யும் பெண் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒவ்வொரு மிஷினுக்கு மேலும் கேமரா வருமாம். அதை ஏஐ பார்த்து, வேலை எங்கே தடைபடுகிறது என்று சொல்லுமாம். "இதோட வேல செய்யப் போறது நீங்கதான். எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

அதுவரை அந்தக் கம்பெனியில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் மனசுவிட்டுப் பேசினேன். பாபினில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும், அந்த நேரம் நாங்கள் சும்மா இருப்பதாக அது நினைக்கக் கூடாது என்றேன். ஆபரேஷன் ஆனவர்கள் அடிக்கடி பாத்ரூம் போவார்கள், அதைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். பக்கத்து மிஷின் அக்காவை நினைத்துத்தான் சொன்னேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, உடம்பு தேறுவதற்குள் வேலைக்கு வந்தவர். பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் லேப்டாப்பில் அடித்துக்கொண்டார். டீ, சமோசா வந்தது. கிளம்பும்போது சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

ஆடியில் கேமரா வந்தது. சூப்பர்வைசர் மேஜையில் ஒரு திரை, யார் கை நின்றாலும் அதில் அவர் பெயர் சிவப்பாகும். நூல் மாற்றினால் சிவப்பு. எழுந்தால் சிவப்பு. வந்த வாரமே அக்காவைக் கூப்பிட்டு, எதற்கு இத்தனை தடவை எழுந்து போகிறாய் என்று ஹாலில் எல்லார் முன்னாலும் கேட்டார் சூப்பர்வைசர். சுற்றி அத்தனை ஆண்கள் நிற்கும்போது அவர் என்ன பதில் சொல்வார்?

அதே வாரம் வாசல் சுவரில் ஒரு பேனர் கட்டினார்கள். 'எங்கள் தொழிலாளர்களோடு சேர்ந்து வடிவமைத்தது' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் என் முகம்.

மதியம் அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

"நான் பாத்ரூம் போறதக்கூடவா போயி சொல்லிக் குடுத்த?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாப்பிடாமலே மேனேஜர் அறைக்குப் போனேன். அந்தச் சென்னைப் பெண்ணும் அங்கே இருந்தார். நாங்கள் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். எழுதி வைத்திருக்கிறோம், இந்தக் கட்டம் அப்போதே தயாராகிவிட்டதால் அடுத்த கட்டத்தில் சேர்ப்போம் என்றார் அந்தப் பெண். எங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. மேனேஜரோ, படம் வந்தால் உனக்குப் பெருமைதானே என்றார்.

"நாங்க சொன்னது ஒண்ணுகூட அதுல இல்ல சார். அப்ப என் மூஞ்சி மட்டும் எதுக்கு?"

வேலை போனால் போகட்டும் என்று வெளியே வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, பேனரை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டுத் திரும்பினால், மறுபக்கக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது அக்கா.

வேலை போகவில்லை. கொஞ்ச நாளில் நூல் மாற்றுவதற்குச் சிவப்பு வருவது நின்றது. எழுந்து போனால் இன்றைக்கும் சிவப்புதான். எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். தீபாவளிக்குப் பிறகு அக்கா வேலைக்கு வரவில்லை. அந்த உடம்போடு இப்போது அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறார்.

இப்போதெல்லாம் யாராவது சிரித்த முகத்தோடு வந்து கருத்துக் கேட்டால், முடிவு எடுத்தாகிவிட்டதா, இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நான் பேசவே ஆரம்பிக்கிறேன்.