கராம்பு மரத்தடியில் கேட்ட சொல்

கண்டி வீதியில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்த காலம். மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் பிலிமத்தலாவைக் கடையை மருமகனிடம் ஒப்படைத்தேன். அவர் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளால்தான் தொல்லை. மறுநாளே கடை வாசலில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டு, "மாமா, நீங்க இதுல இரிங்க, மத்ததை நான் பாக்குறேன்" என்றார். ஐம்பதைத் தாண்டியவன் வேறெதற்கு லாயக்கு என்று அவருக்கு எண்ணம். அந்தக் கதிரையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அதற்கும் பின்னால் கராம்பு மரங்கள். மொட்டுச் சிவந்ததும் பறிக்க வேண்டும், பூ விரிந்துவிட்டால் வீண். அந்த வருஷம் நானே ஏறிப் பறிப்பதென்று முடிவெடுத்தேன். வழக்கமாகப் பறிக்க வரும் பக்கத்துத் தோட்டத்துச் சிங்களவர் என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர். என் வயிற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கற்றுத்தரச் சம்மதித்தார்.

மனைவிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அவள் கிழக்குக் கரையில், தமிழ் மட்டுமே புழங்கும் காத்தான்குடிப் பக்கத்தில் பிறந்தவள். கண்டிப் பக்கம் வந்து இத்தனை வருஷமாகியும் சிங்களம் அவள் வாயிலும் ஏறவில்லை, காதிலும் ஏறவில்லை. ஒரு தடவை கால் தவறினாலும், நான் ஏறக் கட்டும் கயிறு அடுப்புக்குள் போகும் என்று சொல்லிவைத்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்புறம் எனக்குக் கதிரைதான் கதி.

சிங்களவர் முதலில் ஏறி, தேங்காய்த் தும்புக் கயிற்றை உயரத்தில் ஒரு கவட்டில் போட்டுவிட்டு இறங்குவார். ஒரு நுனி என் இடுப்பில். மறு நுனியைப் பக்கத்துப் பலா மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நான் ஏற ஏறத் தொய்வை இழுப்பார். கராம்புக் கொப்பு பட்டென்று முறியும், அதனால் அது மரத்தோடு சேரும் அடியில்தான் கால் வைக்க வேண்டும். கையோ காலோ ஒன்றை நகர்த்தும்போது மற்ற மூன்றையும் விடக்கூடாது. முதல் நாட்களில் ஆள் உயரம் ஏறிவிட்டு, ஹந்தானை மலை உச்சியைத் தொட்டவன்போல இறங்கி வருவேன்.

ஒரு காலை, கூரைக்கு மேலால் கடை வாசல் தெரியும் உயரத்துக்குப் போய்விட்டேன். கதிரை ஆளில்லாமல் கிடந்தது. அந்தச் சந்தோஷத்தில் கொப்பின் நுனிப் பக்கம் காலை வைத்தேன். முறிந்தது. கயிறு இடுப்பைக் கவ்வ, அந்தரத்தில் தொங்கினேன்.

"முதலாளி, அல்லன்ன, அல்லன்ன" என்று கீழிருந்து கத்தினார் சிங்களவர். பிடியுங்கள் என்று தன் மொழியில் சொன்னார், அவ்வளவுதான். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவிக்கோ அது "அல்லான்னு" என்று கேட்டிருக்கிறது. மனிசன் மௌத்தாகப் போகிறார், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். ஓடிவந்து, உயிர் பிரியும் நேரத்தில் சொல்லிக்கொடுப்பதுபோலக் கலிமாவைச் சொல்லத் தொடங்கினாள். நானும் தொங்கியபடியே சேர்ந்து சொன்னேன். சொல்லாவிட்டால் இறங்கியதும் அதற்கும் ஏச்சு விழும்.

இறங்கியபின் அந்தச் சொல்லின் அர்த்தத்தை விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க, தும்பு எரியும் வாசனை வருகிறதா என்று மோந்தபடி கதிரையில் கிடந்தேன். மருமகன் அன்பாகத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பின்வளவுக்குப் போனேன். கயிறு மரத்தில் தொங்கியது. சிங்களவர் வேலியோரம் வாய் மூடி நின்றார். பலா மரத்தைச் சுற்றிவந்த நுனி என் மனைவியின் கையில் இருந்தது. முக்காட்டை இறுக்கிச் செருகியிருந்தாள்.

"அவர் கத்துறத்துக்குத்தான் சரி," என்றாள். "கயித்த நான் புடிக்கிறன். ஏறுங்க."

ஏறினேன். கொப்பு அசையும்போதெல்லாம் கீழிருந்து "அல்லன்ன" என்றாள். அவள் அதை எந்த மொழியில் சொன்னாளோ தெரியாது. நான் இரண்டையும் செய்தேன்.