மாட்டு வண்டியில் போன குதிரை

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், எங்கள் பக்கத்துப் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கின. ஓடின என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள், பெண்கள் இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் குதிரை வண்டி வைத்திருந்த என் கணவருக்கு இதனால் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஒரு குதிரை போதாது என்று அந்தியூர்ச் சந்தைக்குப் போய் இன்னொன்றையும் வாங்கி வந்தார்.

ஏற்கெனவே இருந்தது சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. அவள் பெரியவள். புதிதாக வந்தது செம்பழுப்பு நிற ஆண் குதிரை, வண்டி இழுத்தே பழகாதது. அவன் சின்னவன். வந்த அன்றே சின்னவன் பெரியவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவள் கழுத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். "பாரு, எவ்வளவு ஒத்துமை" என்று என் கணவர் பூரித்துப் போனார். அந்த ஒற்றுமைதான் எங்களைப் படுத்தி எடுக்கப் போகிறதென்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அந்த வாரமே பெரியவள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். லாடம் அடித்தபோது ஓர் ஆணி சற்று உள்ளே இறங்கி, குளம்புக்குள் சீழ் வைத்திருந்தது. லாடக்காரர் வந்து ஆணியைப் பிடுங்கிச் சீழை வெளியேற்றினார். "உப்புப் போட்டு வெந்நீர்ல கால ஊற வெய்ங்க. வேப்பெலைய அரைச்சுப் பத்துப் போட்டுச் சாக்குல கட்டுங்க. நல்லாவற வரைக்கும் இவ ரோட்டுல கால் வெக்கக் கூடாதுங்க" என்றார்.

"அதுக்குள்ள சின்னவனப் பழக்கிப்புடறேன்" என்றார் என் கணவர்.

மறுநாள் காலை சின்னவனை வண்டியில் பூட்டினார். வாசல் படல் வரைக்கும் ஒழுங்காகப் போனான். படலைத் தாண்டியதும் பின்னால் திரும்பிப் பார்த்தான். பெரியவளைக் காணோம். கனைத்தான் பாருங்கள், தெருவில் இருந்த நாயெல்லாம் ஓடிவிட்டது. கொட்டகைக்குள்ளிருந்து பெரியவள் பதில் கொடுத்தாள். கொடுத்ததோடு நில்லாமல், புண்பட்ட காலாலேயே தரையை உதைத்தாள். நான் அரைமணி நேரம் அரைத்துப் போட்ட வேப்பிலைப் பத்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"அம்மிணி, உன்ற குதிரைய வாய மூடச் சொல்லு!" என்று வெளியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"என்ற குதிரை சீக்காளிங்க மாமா! உங்க குதிரைக்கு என்ன கேடு? அவன மொதல்ல மூடச் சொல்லுங்க!"

இப்படியாகத்தான் பெரியவள் எனக்கும் சின்னவன் அவருக்கும் பாகமானார்கள். அவர் சாட்டையை எடுத்தால் நான் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அதனால் சின்னவன் அடி வாங்கவில்லை. ஆனால் ஓர் அடியும் நகரவில்லை.

பெரியவளுக்குத் துணையாக ஒரு வெள்ளாட்டைக் கட்டிப் பார்த்தேன். அவளுக்கு ஆட்டைப் பிடித்துப்போனது. ஆட்டுக்கு வேப்பிலைப் பத்தைப் பிடித்துப்போனது. ஒரே காலையில் பத்தைத் தின்று முடித்து, சாக்கையும் பாதி மென்றிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரியவள் ரோட்டில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதானே? வைக்காமலே கூட்டிப் போனால்?

அடுத்த வீட்டு அண்ணனிடம் கடலை ஏற்றும் பெரிய மாட்டு வண்டி இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"ஏம்மிணி, குதிரைய மாட்டு வண்டில ஏத்தறதா? என்ற மாடுங்க என்ன நெனைக்கும்?"

"மாடு ஒண்ணும் நெனைக்காதுங்ணா. ஊருதான் நெனைக்கும்."

"அப்பச் சரி" என்றார். ஊர் நினைப்பதைப் பற்றி அவர் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை.

வண்டியைக் குப்பைமேட்டோடு பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, வைக்கோல் பரப்பினோம். பெரியவள் எந்தப் பிகுவும் பண்ணவில்லை. கட்டுப்போட்ட காலை மெதுவாக எடுத்து வைத்து ஏறி, பிறந்ததிலிருந்து வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தவள் மாதிரி நின்றாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடுகள் கிளம்பின. சின்னவன் காதை விடைத்துப் பார்த்தான். பிறகு காலி வண்டியை இழுத்துக்கொண்டு, பரம சாதுவாகப் பின்னால் வந்தான்.

ஊர் கூடிவிட்டது. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, குதிரைக்குக் கால் நொந்தா மாட்டு வண்டி. மாட்டுக்குக் கால் நொந்தா உங்க ஊட்டுக்காரரு தூக்கிட்டு வருவாருங்களா?" என் கணவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வெயிலுக்காக என்று அன்று சாயங்காலம் சொன்னார்.

சில நாட்கள் இப்படியே ஊர்வலம் போனோம். சின்னவன் லகானுக்குப் பழகினான், வண்டிச் சத்தத்துக்குப் பழகினான். ஆனால் மாட்டு வண்டியின் வேகத்துக்கு மேல் ஒரு காலடிகூட எடுத்து வைக்க மாட்டான்.

ராசிபுரத்தில் சந்தை கூடும் நாள் ஒன்றில், மேட்டடியில் கரி பஸ் புகைந்துகொண்டு நின்றிருந்தது. அடுப்பு அணைந்துவிட்டதாம். செவ்வாய்ப்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவரும், தலையில் நெய்ப் பானையோடு ஒரு நெய்க்காரம்மாவும் எங்கள் குதிரை வண்டியைப் பார்த்ததும் விடுவிடுவென்று வந்து ஏறிக்கொண்டார்கள். என் கணவர் வேண்டாமென்று கையை ஆட்டியதை யாரும் கவனிக்கவில்லை. பொதுவாக அவர் அதிகம் வாயைத் திறக்க மாட்டார். கையைத்தான் ஆட்டுவார்.

கொஞ்ச தூரம் போனதும் வியாபாரி பொறுமையிழந்தார். "ஏம்ப்பா, இது குதிரையா, இல்ல மாட்டோட தம்பியா? நடந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்."

அடுத்த சாலைப் பிரிவில் அண்ணன் வண்டியைப் பக்கத்துப் பாதையில் திருப்பினார். கடலைக் காட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவரால் ராசிபுரம் வரைக்கும் வர முடியாது. பெரியவளும் நானும் அவரோடு திரும்பினோம். சின்னவன் பிரிவிலேயே நின்றுவிட்டான். உடம்பு நடுங்கியது. கனைக்கத் தலையைத் தூக்கினான்.

அதற்குள் நெய்க்காரம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அட, ஏன் சாமி நின்னுட்டே? அவ எங்கியும் ஓடிப்போவுல, காட்டச் சுத்திப்போட்டு ஊட்டுக்குத்தான் போறா. பொழுதோட நீயும் அங்கதான போவோணும்? வெயில் ஏறுது, என்ற நெய்யி உருகுது. என்ற மருமவ இருக்காளே, அவளும் உன்னாட்டந்தான். ஒரு வேலை சொன்னா நட்டுக்கிட்டு நிப்பா..."

சின்னவனின் காதுகள் பின்னால் திரும்பின. மருமகள் கதை தொடர்ந்தது. அவன் ஓர் அடி வைத்தான், அப்புறம் இன்னொன்று. மருமகள் பால் பொங்கவிட்ட இடம் வந்தபோது ஓடவே ஆரம்பித்துவிட்டான். நாங்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெய்க்காரம்மா மூச்சு வாங்கினால் அவன் வேகம் குறைவதும், அவள் தொடர்ந்தால் கூடுவதும் தூரத்திலிருந்தே தெரிந்தது.

பெரியவள் அவன் போன திசையையே பார்த்தாள். அவளுக்கு நானும் பேச்சுக் கொடுத்தேன். பிறகு என் முந்தானையின் நுனியைக் கடித்து மென்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் சின்னவன் முழுசாகத் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு அவள் தரையை உதைப்பதையும் விட்டுவிட்டாள். பத்து நிலையாக நின்றது, புண் ஆறத் தொடங்கியது.

சிக்கல் என் கணவருக்குத்தான். சின்னவன் பேச்சில்லாமல் நகர மாட்டான் என்று ஆகிவிட்டது. வீட்டில் என்னிடம் பெரும்பாலும் தலையை ஆட்டியே குடும்பம் நடத்திய மனிதர், ராசிபுரம் வரைக்கும் குதிரையிடம் பேசித் தொலைக்க வேண்டியிருந்தது. ஊர் நிலவரமெல்லாம் தீர்ந்ததும் வீட்டு நிலவரத்தில் இறங்கியிருக்கிறார்.

ஒரு நாள் நெய்க்காரம்மா எங்கள் வாசலில் பானையை இறக்கினாள். "ஏம்மிணி, நீ புளிக்கொழம்புக்கு உப்பே போட மாட்டியாமே?"

"யாருங்க சொன்னது?"

"உன்ற ஊட்டுக்காரருதான் குதிரைக்கிட்டச் சொன்னாரு. வண்டில அஞ்சாறு பேரு கேட்டுட்டுத்தான் வந்தோம். உனக்குப் பயந்துதான் அதை அடிக்கறதில்லையாம்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ அந்த நொண்டிக் குதிரைக்குக் கால் கழுவறப்பப் பாட்டுப் பாடுவியாமே? அதக் கேக்கோணும்னே காலைல வேணும்னு நேரமாக்கிக் கெளம்பறாராம்."

அன்று புளிக்குழம்பில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நாளைக்குக் குதிரையிடம் சொல்லிக்கொள்வார் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவளின் கால் முழுக்கத் தேறியதும் இருவரும் ஆளுக்கொரு நாளாக வண்டி இழுத்தார்கள். சின்னவன் முறை வந்த ஒரு நாள் நான் சேலை எடுக்க ராசிபுரம் கிளம்பி, வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தேன். படலைத் தாண்டியதும் சின்னவன் நின்றான். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"பேசுங்களேன் மாமா."

"என்ன பேசறது?"

"தெனமும் பேசறதுதான்."

அவர் தொண்டையைச் செருமினார். குதிரையின் முதுகைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழ வருமாட்டம் இருக்குது" என்றார். சின்னவனுக்கு அது போதவில்லை.

கடைசியில் நான்தான் பேசினேன். ராசிபுரம் வருகிற வரைக்கும் பேசினேன்.