முகம் மட்டும் சிஸ்டர் பொறுப்பு

எனக்குச் சிவப்பு தெரியாது. பெயர் தெரியாது என்று சொல்லவில்லை, கண்ணுக்கே தெரியாது. பழுத்த மிளகாயும் அதன் இலையும் எனக்கு ஒரே அழுக்கு நிறம்தான். பிறவியிலேயே அப்படி. இதைச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கலர், சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் என்ன வித்தை காட்டவா வந்திருக்கிறேன்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை விட்டு ரொம்ப நாளாகிறது.

ஆனால் படம் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். பள்ளி முடித்ததும் ஓவியக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்குப் போனேன். காலையில் பென்சில் படத்துக்குப் பாராட்டு வாங்கினேன். மத்தியானம் வண்ணத் தேர்வில் ஒரு வேப்பமரத்தைச் செங்கல் நிறத்தில் தீட்டிவிட்டு எழுந்து வந்தேன். "தம்பி, ஊருக்குப் போய் வேற ஏதாவது படிப்பா" என்றார் தேர்வாளர். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் பரிதாபமாகச் சொன்னார். அன்றோடு வண்ணத்தைத் தொடுவதை விட்டேன். அரசு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது. செம்மேட்டில் அலுவலகம், அதற்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பு. பென்சில் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயத்தில் சேலத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் படம் வரையும் சாஃப்ட்வேரைத் திறந்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் இருந்தது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று மூன்றே எண்கள். கண்ணுக்குத் தெரியாத சிவப்பு எண்ணாக வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தது. அடேயப்பா, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எந்தப் படத்தைச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஐரோப்பிய ஓவியப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தில், பல நூறு வருஷத்துக்கு முந்தைய சமையலறை ஒன்றில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்ப்பாள். பக்கத்தில் ஒரு கூடை ஆரஞ்சு, ஒரு முட்டைகோஸ், ஒரு செம்புப் பானை. படம் கருப்பு வெள்ளையில்தான் அச்சாகியிருந்தது. வண்ணப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அவளுக்கு நிறம் கொடுத்துவிட வேண்டும், பார்க்கிறவன் ஒருத்தனுக்கும் இது சிவப்பு தெரியாதவன் செய்தது என்று தோன்றக் கூடாது, இதுதான் என் வைராக்கியம். நாமக்கல்லில் அரசு ஊழியர்களின் படங்களுக்கு ஒரு கண்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். அங்கே வைப்பேன், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் வண்ணத்தை நினைக்கக்கூட மாட்டேன் என்று மனைவியிடம் சபதமே போட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் சட்டை, நான் வைத்த காபி, என் சபதம், எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரே பதில்தான். அதனால் நிறம் பார்க்க அவளை நம்ப முடியாது.

எனக்கு வேறு கண்கள் வேண்டியிருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சுகாதார நிலையச் சுவரில் தாயும் சேயும் படத்தை அவரே வரைந்திருந்தார், அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளலாம் போல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்னொருவர் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் போர்டு எழுதுகிற பாய். ஸ்டிக்கர் வெட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்து ஜூஸ் கடைப் போர்டுகளில் இருக்கும் பழமெல்லாம் அவர் கைவண்ணம். புத்தகப் படத்தை ஸ்கேன் செய்யப் போன இடத்தில்தான் பழக்கம்.

விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். பாய் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"பழம், பாத்திரம், செவுரு, துணி, எல்லாம் சொல்றேனுங்க. முகம் மட்டும் நமக்கு வேண்டாம். எங்க அத்தா காலத்துல இருந்தே கடையில முகம் எழுதறதில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க சார்."

"அதுக்கென்ன பாய், முகம் சிஸ்டர் பொறுப்பு" என்றேன்.

சும்மா பேச்சுக்குச் சொன்னது அப்படியே ஏற்பாடாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு மலையிறங்குவேன். பாய் ஒரு துண்டுக் கறுப்பு ஸ்டிக்கரை வெட்டி, மானிட்டர் கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக ஒட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். "இப்ப வாங்க, ஆரஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்ச குடுங்க. போதும் போதும். பானை வாயில ஒரு வெளிச்சம் வேணுமுங்க" என்பார். நான் எண்ணை ஏற்றுவேன், இறக்குவேன். மற்ற நாட்களில் சாயங்காலம் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி கொடுக்கிற டீயை வாங்கிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருவார். அவருக்கு அந்தப் பெண் ஒரு நோயாளி.

"சார், இவளுக்கு ரத்தமே இல்ல. பாருங்க, கை எல்லாம் வெளுத்துக் கெடக்கு. பச்சையா வேற இருக்கா."

"எவ்வளவு ஏத்தணும் சிஸ்டர்?"

"ஏத்துங்க, நான் சொல்றேன். இன்னும்... இன்னும் ஏத்துங்க."

சிவப்பின் எண்ணை ஏற்றிக்கொண்டே போவேன். அடுத்த முறை வந்தால் "இன்னும் தெளியல சார்" என்பார். திரும்பவும் ஏற்றுவேன். எனக்கு அவள் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் எண் ஏற ஏற, அவளுக்கு உயிர் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பினேன். பாயின் ஆரஞ்சைப் பார்த்து சிஸ்டர் உதட்டைப் பிதுக்குவார். "பழம் ஏன் இப்படி வாடிப் போயிருக்கு? இருக்கட்டும், அது அவங்க பாடு, நான் சொல்லக் கூடாது." பாயோ அவளுடைய கையைப் பார்த்து ஒரு நாள், "கை நல்லாச் செவந்திருக்குதுங்களே" என்றார். பிறகு அவரே, "பாத்திரம் தேய்க்கிற கை, செவக்கத்தானுங்களே செய்யும்" என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஒருவர் எல்லைக்குள் ஒருவர் கால் வைப்பதில்லை. நான் நடுவில் ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கினேன்.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நாமக்கல் போய் ஒரு போட்டோ லேபில் பிரிண்ட் போட்டேன். லேப்காரர் அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தம்மா மூஞ்சியில மொளகாப்பொடி கிது கொட்டிருச்சுங்களா?"

பின்னால் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அவள் எப்போதும் போல்தான் இருந்தாள். சிரிக்கிறவர்களுக்கு நடுவில், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பது எப்படிப்பட்ட கொடுமை தெரியுமா? அந்த வேப்பமரம் திரும்ப வந்து என் முன்னால் நின்றது.

பஸ் ஏறி நேராகப் பாய் கடைக்குப் போய்ப் பிரிண்டை மேஜையில் எறிந்தேன். "பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். பாய்க்கு முகம் வாடிவிட்டது. பிரிண்டைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்தார். "கையைப் பார்த்தேனுங்க. முகத்தை நான் எங்க சார் பார்த்தேன்?" என்றார். மலைக்கு வந்து சிஸ்டரிடம் காட்டினால், "ஐயோ கர்த்தரே, நான் சொன்ன கலர் இது இல்லவே இல்ல. அந்தக் கடையில என்னவோ பண்ணிட்டாங்க" என்றார். அவர் இவரைச் சொல்ல, இவர் அவரைச் சொல்ல, நான் இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அதற்கப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணில்லாதவனுக்கு எதற்கு இந்த வேலை? கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு "நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் பாய் வந்து இறங்கினார். நான் இந்த மலையில் இருந்த காலத்தில் அவர் மேலே வந்ததே இல்லை. கொண்டை ஊசி வளைவு என்றாலே அவருக்குத் தலை சுற்றும். முகமெல்லாம் வெளிறி, போர்வையில் சுற்றிய ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே அவருடைய கடை மானிட்டர்.

"புள்ளையாட்டம் மடியிலயே வெச்சுட்டு வந்தேனுங்க. கண்டக்டரு டி.வி.யான்னு கேட்டாப்ல. சிஸ்டரைக் கொஞ்சம் கூப்புடுங்க சார்."

வராந்தாவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னது இதுதான். ஃப்ளாப்பி ஒன்றுதான். அவர் கடையில் கை சிவந்திருக்கிறது, இங்கே சிஸ்டர் வெளுத்திருக்கிறது என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை, சிஸ்டரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொல்வது பெட்டிதான்.

துண்டை எடுத்தேன். என் மானிட்டரில் படத்தைத் திறந்தோம். அவள் முகத்துக்கு நேராகக் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்த பாய், "அட என்னங்க இது, என் ஆரஞ்சு எலுமிச்சம்பழமாட்டம் கெடக்குது" என்றார். பிறகு அணைத்துவிட்டு, வயரைக் கழற்றி அவருடைய மானிட்டரில் மாட்டினோம். அடுத்து நாங்கள் பார்க்கப் போவது முகத்தைத்தான் என்பதால் முன்கூட்டியே எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். படம் வந்தது.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "இயேசுவே, இந்த ரத்தத்தை நானா ஏத்தினேன்!"

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லா இல்லீங்க" என்றாள். கல்யாணமாகி முதல் தடவை.

என் பழைய மானிட்டரில் சிவப்பு செத்துக்கொண்டிருந்திருக்கிறது. வேறு யார் வீட்டில் அது இருந்திருந்தாலும் வாங்கிய அன்றே தெரிந்திருக்கும். சிஸ்டர் அதற்கு முன் கம்ப்யூட்டரையே பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் பச்சை பூத்திருக்கும் போல என்று நினைத்துவிட்டார். என் மனைவியும் அப்படியே. பாய் முகத்தை ஸ்டிக்கர் போட்டு மூடிவிட்டார். மிச்சமிருந்தவன் நான். சிவப்பில்லாத பெட்டி, உலகத்தில் வேறு யாரிடமும் போகாமல், சிவப்பு தெரியாதவனைத் தேடி வந்து சேர்ந்திருக்கிறது! முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. நான்தான் கடைசியில் நிறுத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று மத்தியானமே சிகிச்சை ஆரம்பமானது. பாய் வெளியே போய், எதிர்த்தோட்டத்து மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் இறக்கச் சொன்னார், நான் இறக்கினேன். கன்னத்தில் கொஞ்சம் விட்டுவைத்தார், மூக்கு நுனியில் ஒரு துளி, விரல் கணுக்களில் ஒரு துளி. கீழ் இமையை மட்டும் பெரிதாக்கச் சொல்லி உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"போதும் சார். இனி டிஸ்சார்ஜ் பண்ணிரலாம்."

பாய் தன் மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. "படம் முடியற வரைக்கும் இங்கயே கெடக்கட்டுமுங்க. மறுபடி மடியில வெச்சுட்டு அந்த வளைவுல எறங்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

கண்காட்சிக்கான புதுப் பிரிண்டை வாங்க அவரையும் அழைத்துக்கொண்டு நாமக்கல் போனேன். தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. அதே லேப்காரர் உறையை நீட்டினார், எதுவும் சொல்லவில்லை, அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லாதது போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து படத்தை வெளியே எடுத்தேன். காகிதத்தில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் எதுவும் பாயிடம் இல்லை. நிறத்தோடு முழுப் படத்தையும் அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

எனக்கு அது அதே அழுக்கு நிறத்தில்தான் இருந்தது. இனிமேலும் அப்படித்தான் இருக்கும். அது தெரிந்தும் கேட்டேன். "பாய், அவ கன்னம் எப்படி இருக்கு?"

"முகத்தைப் பத்தி என்னைக் கேக்காதீங்க சார்" என்றார். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழக் கூடையை விரலால் தொட்டு, "ஆனா ஒண்ணு சொல்றேனுங்க. இத்தன நாளு இந்தப் பழமெல்லாம் கடையில வெச்ச பழமாட்டம் இருந்துச்சு. இப்ப இந்தம்மா ஊட்டுப் பழமா ஆயிருச்சுங்க" என்றார்.

அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேந்தமங்கலம் பஸ் வந்து நின்றது. படத்தை மடங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினேன். பாய் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்தார்.